ஆபீசர் கேட்ட தறிச்சத்தம்

எங்கள் ஊரில் பகல் நேரத்தில் தறி நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்க வேண்டும், இல்லை யாராவது செத்திருக்க வேண்டும். தெருவில் ஒரு சாவு விழுந்தால் பிணத்தை எடுக்கும்வரை அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒரு குடோனில் நின்றதும் பக்கத்துக் குடோனிலும் ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். விசைத்தறி போட்டிருக்கும் நீளமான ஓட்டுக் கட்டடத்தைத்தான் நாங்கள் குடோன் என்போம். ஊர் சூலூரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. தலைக்கு மேலே விமானப்படை விமானம் போனால்கூட, தறிச்சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது. வாசலில் நிழல் ஓடுவதைப் பார்த்துத்தான் நிமிர்ந்து பார்ப்போம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் விமானச் சத்தம் நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. வெளியூரிலிருந்து சைக்கிளில் எவர்சில்வர் பாத்திரம் விற்க வந்தவர் தெருமுனையில் இறங்கி நின்று, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, ஆரு தவறிட்டாங்க?" என்று என்னிடம் கேட்டார். யாரும் தவறவில்லை என்றேன். அவர் நம்பாமல் பார்த்துவிட்டு, பாத்திரம் விற்காமலேயே திரும்பிப் போய்விட்டார். நல்ல மனிதர். எங்கள் தெரு சாவு விழுந்த தெருவைப்போல ஆகிவிட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் அப்போது பீளமேட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி அங்கேயே குடியிருந்தாலும் சனி, ஞாயிறு வந்தால் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன். அம்மா நாங்கள் சிறிசாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா பீளமேட்டில் ஒரு மில்லில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். மில்லை மூடியபோது கைக்கு வந்த பணத்தை வீட்டு விசேஷம், நகை என்று எதிலும் தொடாமல், ஊரில் குடோன் கட்டி நான்கு பழைய தறிகளை வாங்கிப் போட்டார். அவை ஓடுவதை அதிக நாள் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் காலையில் போய்விட்டார். ஆகவே அந்த நான்கு தறிகள்தான் அப்பா. தம்பி இதை வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் தறிக்கு எண்ணெய் விடும்போது அவன் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

தறி எங்களுடையது, துணி எங்களுடையதல்ல. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் நிலைமை. நூல் சுற்றிய பெரிய உருளையை வியாபாரி வீட்டுக்கு அனுப்புவார். அதைப் பாவு என்போம். குறுக்கே ஓட வேண்டிய ஊடை நூலும் அவருடையதே. நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. பாவு வந்தால் தறி ஓடும், வராவிட்டால் நிற்கும். அவ்வளவுதான் கணக்கு. துணி விலை விழுந்து, நூல் விலை ஏறி, வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கையை விரித்தபோது முதலில் ஒரு தறி நின்றது, பிறகு இரண்டு. ஆடி முடிவதற்குள் நான்கும் நின்றுபோயின.

தம்பியிடம் வேலை பார்த்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரு சனிக்கிழமை திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சனிக்கிழமைதான் எங்கள் ஊரில் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை சந்தை. சனிக்கிழமை சாயங்காலம் தறிக்காரர் கையில் வரும் காசு ஞாயிறு மத்தியானத்துக்குள் கறிக்கடைக்கும் காய்க்காரிக்கும் பலகாரக் கடைக்கும் முடி வெட்டுகிறவருக்கும் போய்விடும். தறி நின்ற பிறகு சந்தையில் காய்க்காரிகள் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே திரும்பச் சுமந்துகொண்டு போனார்கள். வகுப்பில் நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்துகிற பாடம் இதுதான். ஒருவருடைய செலவு இன்னொருவருடைய வருமானம். புத்தகத்தில் படிக்கும்போது அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

இந்த நேரம் பார்த்துத் தம்பிக்குப் பெண் அமைந்தது. பக்கத்து ஊர்தான், அவர்களுக்கும் தறி. ஜாதகம் பொருந்திவிட்டது, நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், பெண்ணும் லட்சணம். ஆவணியில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் பக்கத்தில் வீடு பார்ப்பதென்றால் வீட்டைப் பார்ப்பதல்ல. வீட்டில் என்ன இருக்கிறது, நான்கு சுவர்தானே. குடோனைத்தான் பார்ப்பார்கள். உள்ளே வந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை, தெருவில் நுழையும்போதே காது கேட்டுவிடும்.

நான் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டேன். தம்பி என்ன செய்யப் போகிறான் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் குடோன்காரரிடம் பாதி நெய்து நின்றிருந்த ஒரு பாவை இரவல் வாங்கி, வாசலை ஒட்டிய தறியில் ஏற்றினான். மற்ற மூன்று தறிகளிலும் பாவு இல்லை. ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவை எடுத்துவிட்டு, தறி தானாக நின்றுவிடாதபடி ஒரு கம்பியைக் கட்டிவிட்டான். ஸ்விட்சைப் போட்டால் வெறுந்தறி ஓடும். துணி வராது, சத்தம் மட்டும் வரும்.

"அக்கா, கேக்கறக்கு எப்படி இருக்குது?" என்றான்.

"வெளிய நின்னு கேட்டா ஓடற மாதிரித்தான் இருக்குது" என்றேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் இது ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்குச் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்றால் பாவு இருக்கிறதோ இல்லையோ, தெரு முழுக்கத் தறியை ஓட்டுவார்கள். கல்யாண வீட்டுக்குப் பாய், அண்டா இரவல் கொடுப்பதைப்போல அக்கம்பக்கத்தார் சத்தத்தை இரவல் கொடுப்பார்கள். கரண்ட் பில் அவரவர் பாடு. பெண்ணின் அப்பா, மாமன், அத்தை என்று வந்தவர்கள் வாசலில் நின்று முதல் தறியில் துணி இறங்குவதைப் பார்த்தார்கள். பெண்ணும் வந்திருந்தாள். அத்தையின் பின்னால் நின்று உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். காதில் விழாத பேச்சுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு காபி குடித்தார்கள். அன்றைக்கே சம்மதம் சொல்லி, தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அவர்கள் பஸ் ஏறியதும் தெருவில் தறி ஒவ்வொன்றாக நின்றது. தம்பி அந்தப் பாவை இறக்கி, தோளில் சுமந்துகொண்டு போய்த் திருப்பிக் கொடுத்தான்.

புரட்டாசியில் பேப்பரில் செய்தி வந்தது. தொழில் மந்தத்தைப் போக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது, விசைத்தறிப் பகுதிகளுக்கும் உண்டு. நான் அதை மூன்று தரம் படித்தேன். எங்கள் பள்ளியில் ஒரு டீச்சரின் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் இருந்தார். அவரிடம் போய் விசாரித்தேன். விஷயம் எளிமையானது. தறி நின்றுபோன ஊர்களில் அரசாங்கமே துணி வாங்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபாரம், ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பு, எல்லாம் வேண்டியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கம் மூலமாகப் பாவு கொடுத்து வாரக் கூலியும் கொடுத்துவிடுவார்கள். தறி நன்றாக ஓடுகிற ஊர்களில் அது தேவையில்லை. அங்கே புதுத் தறி வாங்குவதற்கு மானியம், மிச்சத்துக்குப் பாங்க் கடன். எந்த ஊருக்கு எது என்று முடிவு செய்ய ஓர் ஆபீசர் ஊர் ஊராக வந்து பார்ப்பார்.

அரசாங்கம் பணத்தை எங்கே போட வேண்டும் என்று என்னை யாராவது கேட்டால், சனிக்கிழமை சம்பளமாக வெளியே வருகிற இடத்தில் போடுங்கள் என்பேன். மெஷினில் போட்டால் பணம் மெஷின் விற்கிற ஊருக்குப் போய்விடும். கூலியில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. துணி வாங்க ஆள் இல்லாத நேரத்தில் தறியைக் கூட்டுவது எந்த ஊர் நியாயம் என்று நான் அன்றைக்கும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். ஆனால் அந்தத் தடவை அரசாங்கம் அப்படி ஒன்றும் தப்பாக யோசிக்கவில்லை. நின்ற ஊருக்குப் பாவு, ஓடுகிற ஊருக்குத் தறி. நாங்கள் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் சும்மா இருப்பதுதான். ஆபீசர் வருகிற நாளில் ஸ்விட்சைத் தொடாமல் இருந்தால் போதும்.

காலாண்டு லீவு விட்டதும் ஊருக்குப் போய்த் தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"பாவு வந்துருமா?"

"வரும் தம்பி. சர்க்காரே குடுக்கும். நாலு தறியும் ஓடும். போனவங்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கலாம்."

"நின்ன தறியெல்லாம் ஆரு ஊட்டுதுன்னு எழுதிப் பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல ஒட்டுவாங்களாமா."

"ஆரு சொன்னா?"

"டீக்கடைல பேசிக்கறாங்க."

"ஒட்டினா ஒட்டிட்டுப் போறான். ஊரே நின்னு கெடக்குது. உன்ர பேரு மட்டுமா இருக்கப் போகுது?"

 பெண் வீட்டார் வாராவாரம் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிறவர்கள். பஞ்சாயத்து ஆபீஸ் சுவர் சந்தைக்கு எதிரில்தான் இருக்கிறது. அவன் மனசில் ஓடியது எனக்குப் புரியாமலில்லை. தை மாதம் வரைக்கும் அந்தப் பெண் வீட்டார் கண்ணில் அவனுடைய தறிகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை.

பக்கத்துக் குடோன்காரரிடமும் போய்ப் பேசினேன். அவர் அப்பாவின் வயதுக்காரர், நாலு பேர் அவர் பேச்சைக் கேட்பார்கள். துண்டை மடியில் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரிதான் அம்மணி. ஆபீசர் வந்து பாக்கட்டும். மேக்காலத் தெருவுல எல்லாம் நின்னுதான கெடக்குது, பாத்து எழுதிக்கட்டும்."

"நம்ம தெருவும் நிக்கணுமுங்க மாமா."

"ஆமாமா" என்றார். அவர் ஆமாம் என்றதைவிட மேற்குத் தெரு என்றதுதான் எனக்கு உறுத்தியது. அப்புறம் விசாரித்தால் மேற்குத் தெருக்காரர்கள் எங்கள் தெருவைக் காட்டியிருக்கிறார்கள். ஊர் நின்றுபோனது ஆபீசருக்குத் தெரிய வேண்டும், அதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் நின்ற தறி அடுத்தவன் தறியாக இருக்க வேண்டும். என் தறி நின்றது தெரிந்தால் நாளைக்கு எந்த வியாபாரி பாவு கொடுப்பான், எவன் பெண் கொடுப்பான். ஒவ்வொரு வீட்டிலும் இதே பேச்சுதான் நடந்திருக்கிறது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை.

லீவு முடிவதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசர் வந்தார். ஜீப் தெருமுனையில் திரும்பும்போது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தெரு அமைதியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடியவில்லை, எனக்குப் பின்னாலிருந்து முதல் சத்தம் கிளம்பியது. எங்கள் குடோன்தான். ஓடிப்போய்ப் பார்த்தால் தம்பி ஸ்விட்ச் போர்டின் பக்கத்தில் நிற்கிறான். அதே இரவல் பாவு வாசல் தறியில் ஏறியிருக்கிறது. எப்போது வாங்கிவந்தான் என்றே எனக்குத் தெரியவில்லை.

"நிறுத்து தம்பி. நிறுத்துடா" என்று கத்தினேன்.

"நின்னு கெடக்கற குடோனக் காட்டறக்கு இதென்ன எழவு ஊடா அக்கா?" என்று அவனும் கத்தினான்.

அதற்குள் பக்கத்துக் குடோன் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்புறம் எதிர்வரிசை. மேற்குத் தெருவிலிருந்தும் சத்தம் எழுந்தது. யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல என்பதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். ஒரு குடோன் நின்றால் எல்லாம் நிற்பதும், ஒரு குடோன் ஓடினால் எல்லாம் ஓடுவதும் அவர்கள் கைக்குப் பழகிப்போயிருந்தது. வருகிறவர் சம்பந்தியா ஆபீசரா என்று அந்தக் கைகள் பார்க்கவில்லை.

ஆபீசர் கெட்டவர் இல்லை. தெற்கத்திக்காரர், நடுத்தர வயது, நெற்றியில் விபூதி. எங்கள் வாசலில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பஞ்சுத் தூசிக்கு மூக்கைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். வாசல் தறியில் வெள்ளைத் துணி இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் இருட்டு.

"தறியெல்லாம் ஓடுதாப்பா?" என்று தம்பியிடம் கத்திக் கேட்டார்.

"ஏதோ ஓடுதுங்க" என்றான் தம்பி.

எங்கள் ஊர்ப் பேச்சு தெரிந்தவர்களுக்கு அந்த 'ஏதோ' என்ன என்று தெரியும். நன்றாக இருக்கிறவனும் அப்படித்தான் சொல்வான், நாசமாய்ப் போனவனும் அப்படித்தான் சொல்வான். அவருக்கு அது வழக்கமான பணிவாகத் தெரிந்திருக்கும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீச்சர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"மந்தம் மந்தம்னு சொன்னாங்களே டீச்சர், இங்கே அப்படி ஒண்ணும் தெரியலையே."

நான் சொல்லிவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், உள்ள வந்து பாருங்க. பின்னால மூணு தறியிலயும் பாவு இல்ல. வெறுமனே ஓட்டறாங்க. இந்தத் தெரு பூராவும் அப்படித்தான்" என்றேன்.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை. "அக்கா டவுன்ல இருக்கறவங்க சார். பாவு மாத்தறக்காகச் சித்த நேரம் அப்படி ஓட்டறது. அவங்களுக்கு இதைப்பத்தி என்னங்க தெரியும்" என்றான். தறிக்காரன் சொல்வதா, பீளமேட்டு டீச்சர் சொல்வதா? ஆபீசர் நியாயமாகத் தறிக்காரனை நம்பினார். தூசிக்குள் காலெடுத்து வைத்து நான்கு எட்டு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் நடக்கவில்லை. இன்னும் எத்தனையோ ஊர் பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்துக் குடோன்காரர் கொண்டுவந்த இளநீரைக் குடித்துவிட்டு ஜீப் ஏறினார்.

ஜீப் போனதும் தெரு நின்றது. வாசலில் நின்றிருந்த யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். எனக்கு வந்த கோபத்தில் தம்பியைக் கன்னத்தில் அறைந்திருப்பேன். கல்யாண மாப்பிள்ளையாயிற்றே என்று விட்டேன்.

எங்கள் ஊருக்கு மானியம்தான் வந்தது. புதுத் தறி. பாங்க் மேனேஜரே ஊருக்கு வந்து, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார். இருக்கிற தறிக்கே பாவு இல்லையே, புதுத் தறி எதற்கு என்று ஓர் ஆள் கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்கு ஓட்டியது பொய் என்று ஆகிவிடும். தம்பி இரண்டு தறி எடுத்தான். கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் குடோனில் புதுத் தறிகளுக்குப் போட்டிருந்த மாலையைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள். ஆறு தறிக்காரன் என்று அவனைச் சொன்னபோது அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. பொய் சொல்வானேன், அதைப் பார்த்து எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பாவு திரும்ப வராமலில்லை. அடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனால் அதற்குள் சுத்துப்பட்டு ஊர்களிலெல்லாம் தறி கூடியிருந்தது. வியாபாரிக்கு இந்தத் தறி இல்லாவிட்டால் அந்தத் தறி. கூலியைக் குறைத்தார். முடியாது என்றால், பக்கத்து ஊரில் புதுத் தறி போட்டவன் கடன் கட்டுவதற்காக அதைவிடக் குறைத்து ஓட்டத் தயாராக இருந்தான். தம்பி ஆள் வைத்துக்கொள்ள முடியாமல் தானே ஓட்டினான். அவன் மனைவி தார் சுற்றினாள். நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டையில் ஊடை நூலைச் சுற்றுவதைத்தான் அப்படிச் சொல்வோம். இரண்டு பேரும் இரவும் பகலும் மாற்றி மாற்றி நின்றார்கள். வந்த கூலி பாங்குக்குப் போனது. சந்தைக்கு ஒன்றும் போகவில்லை. மந்தத்தைப் போக்குவதற்காக வந்த பணம் மெஷின் விற்றவன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அதைத் திருப்பிக் கட்டுகிற வேலை மட்டும் எங்கள் ஊரில் தங்கிவிட்டது. யூனிஃபாரம் துணி அவிநாசிப் பக்கம் வேறொரு ஊருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஊர்க்காரர்கள் எப்படியோ தறியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு என் கும்பிடு.

வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது எனக்கு எரிச்சல் வந்துவிடும். பிள்ளைகளைக் காரணமில்லாமல் திட்டியிருக்கிறேன். அரசாங்கம் செலவு செய்தால் வேலை பெருகும் என்று எழுதிப் போட்டுவிட்டு, அரசாங்கத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டுமே, அதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டித் தேடினார்கள். பாவம்.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் தம்பி தறிகளை விற்றான். தறியாக வாங்க ஆள் இல்லை. பழைய இரும்பு வாங்குகிறவன்தான் வந்தான், எடைக்கு. புதுத் தறி இரண்டும் முதலிலேயே பாங்குக்குப் போய்விட்டன. மிச்சம் அப்பா வாங்கிப் போட்ட நான்கு. சம்மட்டியால் அடித்து உடைத்து, துண்டு துண்டாக லாரியில் ஏற்றினார்கள். தம்பி கூடவே நின்று ஏற்றிவிட்டான். கடைசித் துண்டு ஏறியதும் கையைக் கழுவத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனவன் வெகு நேரம் கழுவிக்கொண்டிருந்தான். கிரீஸ் போகவில்லை என்று நினைத்தேன். அப்புறம்தான் தோள் குலுங்குவதைக் கவனித்தேன்.

நானும் அவன் மனைவியும் காலியான குடோனைப் பெருக்கிக்கொண்டிருந்தோம். தறி நின்ற இடங்கள் மட்டும் தரையில் எண்ணெய்க் கறுப்பாக இருந்தன. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "அன்னிக்கு அந்த ஆபீசர் வந்தப்ப ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?" என்றேன். "உங்க ஊட்டுக்குத் தெரிஞ்சுபோயிருமோன்னுதான் அம்மணி அவன் ஓட்டினான். நீங்க வந்து பாத்தன்னைக்கும் அதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக யாரும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

அவள் துடைப்பத்தை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்கக்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வெறுந்தறின்னு. வாசத் தறியத் தவுர வேற எதுலயும் நாடா அடிக்கற சத்தம் இல்லீங்களே. தறிக்கார ஊட்டுல பொறந்துட்டு அது கூடவாங்க தெரியாது? எங்கப்பனுக்கும் தெருவுல நொழையும்போதே தெரிஞ்சுபோச்சுங்க."

நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். "தெரிஞ்சுமா குடுத்தாங்க?"

"எங்க ஊட்டுலயும் அப்படித்தானுங்க ஓட்டிட்டு இருந்தோம். நீங்க பொண்ணுப் பாக்க வந்தீங்கள்ள, அன்னிக்கு எங்க தெரு பூராம் வெறுந்தறிதானுங்க. அவியளும் நம்மளாட்டத்தான், ரண்டு பக்கமும் சரியாப் போச்சுன்னு, உங்க ஊட்டப் பாத்துட்டு பஸ்ஸுல வாரப்ப எங்கப்பன் சிரிச்சாருங்க. பையன் நல்ல பையன், தறி ஓடுனா என்ன நின்னா என்னன்னு சொன்னாருங்க."

நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கு அந்தத் தெருவின் சத்தத்தைக் கேட்டு, பரவாயில்லை, இவர்களுக்காவது பாவு இருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அந்தக் கல்யாணத்துக்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் அவன் பெயரை எழுதி ஒட்டியிருந்தாலும் அவர்கள் பெண் கொடுத்திருப்பார்கள். தொட்டிப் பக்கமிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"அவனுக்குத் தெரியுமா?" என்றேன்.

"இல்லீங்க. நீங்களும் சொல்லிப்போடாதீங்கக்கா. தாங்க மாட்டாரு."

நான் சொல்லவில்லை. அவன் திருப்பூரில் ஒரு கம்பெனியில் துணி மடிக்கும் வேலைக்குப் போனான். அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டான். போன வருஷம் அங்கே ஆஸ்பத்திரியில் இறந்தான், அப்பாவைப் போலவே நெஞ்சுதான். ஊருக்குக் கொண்டுவந்தோம். எங்கள் தெருக் கோடியில் ஒரே ஒரு குடோன் மிச்சமிருந்தது. வண்டி தெருவில் திரும்பும்போது அங்கே தறி ஓடிக்கொண்டிருந்தது, நாடா அடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. எங்களைப் பார்த்ததும் நிறுத்தினார்கள்.